முள்ளம்பன்றி மடையைத் திறந்த குற்றம்

ஒரு காட்டில், எந்தத் தேர்தல் வந்தாலும் சிங்கம்தான் ஜெயிக்கும் என்று தெரிந்திருந்தும், சில பிராணிகள் அசராமல் ஓர் எதிர்க்கட்சி நடத்திவந்தன. பெயர், வளைவாழ் உயிர்கள் முன்னேற்றக் கட்சி. சபையில் அதற்கு நான்கே இடம். நான்கு பேருமே முன்வரிசையில் உட்கார்ந்துவிட்டதால் பின்வரிசைப் புகைச்சல் என்பது அந்தக் கட்சியில் கிடையாது.

தலைவர் பதவியை உடும்பு நெடுங்காலம் பிடித்துக்கொண்டிருந்தது. உடும்பு பிடித்தால் விடுமா? அதைக் கழற்றி, 'நிரந்தர ஆலோசகர்' என்ற நாற்காலியில் ஒட்டவைத்துவிட்டு, கீரி புதுத் தலைவரானது.

வந்த உடனே கீரி துறைவாரியாகச் செய்தித் தொடர்பாளர்களை அறிவித்தது. நிதியும் காவலும் தனக்கு. கல்வி, சுகாதாரம், விரைவுப் போக்குவரத்து மூன்றும் தேவாங்குக்கு. தேவாங்கு வளையில் வாழும் பிராணியே இல்லை. வேறு ஆள் கிடைக்காமல் சேர்த்தது. பகலெல்லாம் தூங்குகிற அது, மறுப்பேதும் சொல்லவில்லை.

நீர்வளம் முள்ளம்பன்றிக்குக் கிடைத்தது. பாவம், அதுவரை அதன் பக்கத்தில் யாரும் உட்கார்ந்ததுகூட இல்லை. அன்றைக்கு மாலை போட்டார்கள். கழியில் மாட்டித் தள்ளி நின்றுதான் போட்டார்கள், இருந்தாலும் மாலை மாலைதானே. முயல்கள்கூட "அண்ணே" என்றன. முள்ளம்பன்றி மாலையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டது. உயிரே போனாலும் இந்தப் பதவியை விடக்கூடாது என்று முடிவுசெய்துகொண்டது.

கீரி அதை அழைத்துச் சொன்னது: "பெரிய குளத்து மடையில ஒரு கட்டை சிக்கிக்கிட்டு, கீழ்க்காட்டுக்குத் தண்ணி போகல. யானை மந்திரி கண்டுக்கவே இல்ல. திங்கக்கிழமை சபையில நீ கேள்வி கேக்குற. காடு அதிரணும்!"

கேள்வி கேட்பதற்கு முன்னால் விஷயத்தை நேரில் போய்ப் பார்ப்போம் என்று முள்ளம்பன்றி கிளம்பியது. கட்சி வரலாற்றில் யாரும் செய்யாத தவறு அது. மடைக்குக் கீழே ஒரு பெண்மான், தன் குட்டியை ஈரச் சேற்றை நக்கவைத்துக்கொண்டிருந்தது. முள்ளம்பன்றியால் தாங்க முடியவில்லை. மான் குட்டியோடு போனதும் கட்டையைச் சுற்றிக் கொறித்துத் தளர்த்தி, உருட்டிக் கரையில் தள்ளியது. தண்ணீர் குபுகுபுவென்று பாய்ந்தது.

மூச்சிரைக்க ஓடிவந்து சொன்னது: "தலைவரே, மடையைத் தொறந்துட்டேன்!"

கீரிக்கு முகம் வெளுத்துவிட்டது. "யாரைக் கேட்டுய்யா தொறந்த?"

"குட்டி சேத்த நக்குச்சு தலைவரே…"

"நக்கட்டுமேய்யா! கட்சி வாயில மண்ணள்ளிப் போட்டியே! போஸ்டர் ஒட்டியாச்சு, மைக்குக்குச் சொல்லியாச்சு. தண்ணி ஓடுதுன்னு யானை எந்திரிச்சுச் சொன்னா நாம மூஞ்சிய எங்க வெச்சுக்கிறது? அடைச்சுக் கெடந்த மடைதான்யா நம்ம கட்சிக்கு இருந்த ஒரே சொத்து!"

தேவாங்கு ஒற்றைக் கண்ணைத் திறந்து, "துரோகம்" என்று சொல்லிவிட்டு மறுபடி தூங்கியது.

கீரி சுருக்கமாக முடித்தது: "ஒண்ணு கட்டைய எடுத்த எடத்துலயே வெச்சுரு. இல்ல, பதவிய வெச்சுட்டுப் போயிரு."

முள்ளம்பன்றி மான்குட்டியை நினைத்தது. மாலையை நினைத்தது. கொஞ்ச நேரம் அழுதது. பிறகு கட்டையை எடுத்தது.

உதவிக்குக் கட்சியே திரண்டு வந்தது. எதற்கும் ஒன்றுசேராத நால்வரும் ஒன்றாகச் செய்த முதல் வேலை அதுதான். கொறித்ததில் கட்டை மெலிந்து தண்ணீர் கசிந்ததால், உடும்பு கல் கொடுக்க, கீரி சேறு பூசியது. மடை முன்னைவிடக் கச்சிதமாக அடைபட்டது.

திங்கட்கிழமை சபையில் முள்ளம்பன்றி எழுந்தது. "ஒரு பச்சைக்குட்டி சேத்த நக்குதய்யா!" என்று ஆரம்பித்ததுமே குரல் உடைந்து, தேம்பித் தேம்பி அழுதது. நடிப்பில்லை, நிஜமான அழுகை. ஆளுங்கட்சி ஓநாய்கள்கூட மூக்கை உறிஞ்சின. யானை மந்திரி கனத்த குரலில், "ஆய்வுக்குழு அமைக்கப்படும்" என்றது. கைத்தட்டலில் தேவாங்கே விழித்துக்கொண்டது.

வாசலில் அந்தப் பெண்மான் காத்திருந்தது. "அண்ணே, எங்களுக்காகக் கண்ணீர் விட்ட ஒரே ஆளு நீங்கதான். எங்க மந்தை ஓட்டு பூரா உங்களுக்குத்தான்."

முள்ளம்பன்றிக்கு மனசு கேட்கவில்லை. "ஏம்மா, நடுவுல ஒரு நாள் தண்ணி வந்துச்சே…"

"அதுவாண்ணே? அது தானா வந்துச்சு, தானா நின்னுபோச்சு. அதுக்கு யாரு என்ன பண்ண முடியும்?" என்றது மான்.

முள்ளம்பன்றி வாயைத் திறந்தது. கீரி பார்த்த பார்வையில் மூடிக்கொண்டது. அந்த வாரமே அது துணைத் தலைவரானது. மடை இன்றுவரை அடைத்தே இருக்கிறது. ஆண்டுதோறும் அதன் கரையில் கண்டனப் பொதுக்கூட்டம் சிறப்பாக நடக்கிறது.

நீதி: மக்கள் வழியில் கிடக்கும் கட்டையை அகற்றுவது நல்ல காரியம்தான். ஆனால் அரசியலில் இருப்பவர்கள் அதை ரொம்பத் தூரம் எறிந்துவிடக் கூடாது.