ஆடாத பல்லும் அணைந்த திரையும்

ஆபீஸில் அவரை எல்லாரும் "வெளிச்சம்" என்றுதான் கூப்பிடுவார்கள். மடிக்கணினித் திரையின் வெளிச்சத்தைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு பொத்தான் இருக்கிறதல்லவா, அதை அழுத்தினால் திரைக்குப் பின்னாலிருக்கும் விளக்கு சொன்னபடி கேட்க வேண்டும். அப்படிக் கேட்க வைக்கும் டிரைவர் மென்பொருளை எழுதுவது அவர் வேலை. விளக்கு கேட்கும். வீட்டில்தான் ஒருத்தரும் கேட்பதில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை வெளிச்சம் ஒரு பெரிய முடிவெடுத்தார். மனைவி கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு ஆபீஸ் வேலையை முடித்துவிடுவது!

லேசுப்பட்ட காரியமில்லை. போன வாரமே அந்தம்மா கறாராகச் சொல்லியிருந்தார்.

"ஞாயித்துக்கிழமை பரணைச் சுத்தம் பண்றோம். ஆபீஸ் வேலைன்னு உட்கார்ந்தீங்க, மேல இருக்கறது மொத்தமும் பழைய சாமான்காரருக்கு."

"மொத்தமுமா?"

"ஒரு ஒயர் பாக்கியில்லாம."

பரணில் இருந்தது இருபது வருடச் சேமிப்பு. உயிர்விட்ட பதினோரு மடிக்கணினிகள், எதற்கென்றே தெரியாத சார்ஜர்கள், ஒரு மூட்டை ஒயர். ஒவ்வொன்றும் அவருக்குப் பெற்ற பிள்ளை மாதிரி. போய்விட்டால் தாங்க மாட்டார்.

ஆனால் திங்கட்கிழமைக்குள் ஒரு கோளாறைச் சரிசெய்தாக வேண்டும். ஒரு ரக மடிக்கணினியில் வெளிச்சத்தைக் கடைசிப் படிக்குக் குறைத்தால், மங்கலாக எரிய வேண்டிய விளக்கு அடியோடு அணைந்துவிடுகிறது. கணினி உள்ளே ஓடிக்கொண்டேதான் இருக்கும். திரை மட்டும் கரும்பலகை. வாங்கினவர்கள் பதறிப்போய்ப் புகார் மேல் புகார் அனுப்பினார்கள்.

அந்த ரகத்தில் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்ததும் வெளிச்சத்துக்குப் பொறி தட்டியது. காலடிச் சத்தம் கேட்டால் பொத்தானைக் கடைசிப் படிவரை அழுத்திவிட்டால் போயிற்று. யார் பார்த்தாலும் அணைத்து வைத்த கணினி!

பரணிலிருந்து தப்பிக்கப் பல்வலி என்று ஒரு பொய்யும் சொல்லிவைத்தார். மனைவி பல் டாக்டர் என்பது அந்த அவசரத்தில் அவருக்கு உறைக்கவில்லை.

பத்து மணிக்குக் காலடிச் சத்தம் கேட்டது. பொத்தானை அழுத்தினார், டக், டக், டக். திரை இருண்டது.

"என்னங்க, கம்ப்யூட்டர் முன்னாடி?"

"அணைச்சுதான் இருக்கு. நீயே பாரு."

"அணைச்ச கம்ப்யூட்டர் முன்னாடி என்ன வேலை?"

"இப்படி உட்கார்ந்தா வலி தெரியல."

"எந்தப் பல்லு?"

"கடைசிப் பல்லு. இடது பக்கம்."

"காலைல வலதுன்னீங்க."

"பரவிடுச்சு!"

அந்தம்மா கைப்பையிலிருந்து சின்னக் கண்ணாடியும் டார்ச்சும் எடுத்துக்கொண்டு நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். வெளிச்சத்தின் தலையைப் பின்னுக்குச் சாய்த்தார்.

"ஆ காட்டுங்க."

காட்டினார். டார்ச் இடது பக்கம் பார்த்தது, வலது பக்கம் பார்த்தது. அப்புறம் மெல்ல நகர்ந்து திரைமேல் விழுந்தது.

விளக்கு அணைந்தாலும் எழுத்து எங்கேயும் போய்விடாது. வெளியிலிருந்து பளிச்சென்று வெளிச்சம் அடித்தால் மங்கலாகத் தெரியும். இது வெளிச்சத்துக்குத் தெரியாததில்லை. வாய்க்குள் கண்ணாடி இருந்ததால் எழுந்து தடுக்க வழியில்லை, அவ்வளவுதான்.

அவர் மேலதிகாரிக்கு அனுப்பியிருந்த செய்தியை அந்தம்மா நிதானமாகப் படித்தார்.

"'சார், இன்னிக்கே முடிச்சிடறேன். வீட்ல பல்வலின்னு சொல்லி வெச்சிருக்கேன். நம்பிட்டாங்க.'"

"ஆ... ஆ..."

"அசையாதீங்க, குத்திடும். பக்கத்துல சிரிக்கிற பொம்மை வேற போட்டிருக்கீங்க."

வெளிச்சத்துக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. திறந்த வாயோடு வெட்கப்படுவது எவ்வளவு கஷ்டம் என்பது பட்டவர்களுக்குத்தான் தெரியும்.

"பல்லெல்லாம் கல்லு மாதிரி இருக்கு. ஏணி ஏறலாம், வாங்க."

ஏறினார். பரணுக்குள் கும்மிருட்டு.

"அந்த டார்ச்சையாவது குடேன்."

"அது கிளினிக்குக்கு வேணும். கம்ப்யூட்டரை எடுத்துட்டுப் போங்க. வெளிச்சத்தைக் கூட்டறதுதானே உங்க வேலை?"

முழு வெளிச்சத்தில் எரிந்த திரையைப் பரண் மூலையில் சாய்த்து வைத்துவிட்டு, ஒவ்வொரு பிள்ளையாக எடுத்துக் கீழே கொடுத்தார். கடைசியாக ஒயர் மூட்டையோடு அவரே இறங்கி வந்தால், வாசலில் பழைய சாமான்காரர் வண்டியோடு நிற்கிறார்.

"அதுக்குள்ள எப்படிங்க வந்தீங்க?"

"அம்மா வெள்ளிக்கிழமையே வரச் சொல்லிட்டாங்களே, சார்!"