ஒரு பூச்சிப் பல் வேண்டி

காப்புறுதி எடுத்துப் பதினோரு மாதமாகியும் குகதாசனின் பல்லில் ஒரு பூச்சி விழவில்லை. அவன் மனைவி ஜெயகௌரிக்கு அதுதான் கவலை.

"இந்த மாசக் காசும் கட்டியாச்சு," என்றான் அவன், தபாற்கந்தோரிலிருந்து வந்து பனிச் சப்பாத்தைக் கழற்றியபடி. "பல்லுக்குக் காப்புறுதி! ஊரிலை கேட்டாச் சிரிப்பினம். இந்த வீட்டிலை ஒரு பல்லாவது ஆடிச்சுதே? மார்கழியோடை நிப்பாட்டுறன், கௌரி."

எண்பத்தாறில், அவன் வந்து நாலு வருடம் கழித்து, சுவிஸின் லா ஷோ-து-ஃபோன் நகருக்கு வந்த புதிதில், மணிக்கூட்டுத் தொழிற்சாலைப் பெண்கள் சொல்லக் கேட்டு அவனைக் காப்புறுதி எடுக்க வைத்தவள் அவள்தான். இங்கே பல் வைத்தியருக்குக் கொடுக்கும் காசுக்கு ஒரு பசுமாடே வாங்கலாமாம். இந்த நாட்டில் அவள் சொல்லி வீட்டில் எடுபட்ட முதல் சொல் அது. காப்புறுதி நின்றால் அந்தச் சொல்லும் நின்றுவிடும். பிறகு திரைச்சீலையின் நிறத்துக்குக்கூடத் தன்னை யார் கேட்கப்போகிறார்கள்?

சொக்லேட் வாங்கினாள். தேநீரோடு ஒன்று, சோற்றுக்குப் பின் இரண்டு.

"என்ன கௌரி, இப்ப என்னிலை நல்ல பட்சம்?" குகதாசன் உருகிப்போனான். பல் பளபளவென்றே இருந்தது. இடுப்புத்தான் இரண்டு அங்குலம் கூடியது. பதிலுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் கோப்பை கழுவத் தொடங்கினான்.

அவளுக்கு மனம் குறுகுறுத்தது. புருஷனின் பல்லில் பூச்சி விழ நேர்ந்துகொள்ளும் பெண் வேறு எங்காவது இருப்பாளா? ஆனாலும், ஒரே ஒரு பல். கடைவாய்ப் பல். சிரித்தால்கூடத் தெரியாது.

கடைசியில் பொரிவிளாங்காய் பிடித்தாள். வேண்டுமென்றே பாகை முற்றவிட்டாள். ஒவ்வோர் உருண்டையும் கருங்கல். குகதாசன் ஒன்றை எடுத்துத் தேநீருக்குள் போட்டுவிட்டுப் பத்திரிகையை விரித்தான்.

"என்னப்பா செய்யிறியள்?"

"ஊறட்டும்."

"உதைக் கடிச்செல்லோ தின்னோணும்!"

"எனக்கென்ன அவசரம்?"

"இஞ்சை பாருங்கோ, இப்பிடி!" என்று ஒன்றைத் தன் வாயில் போட்டுக் கடித்துக் காட்டினாள்.

'டக்' என்றது. உடைந்தது உருண்டை அல்ல.

மறுநாள் காலை, பல் வைத்தியரின் வரவேற்பு மேசை முன்னால் வீங்கிய கன்னத்தோடு நின்றாள். அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. காப்புறுதி அவனுக்கு, போனது இவள் பல். பக்கத்தில் குகதாசன் தொப்பியைத் திருகிக்கொண்டு நின்றான்.

"மதாம், எனக்குக் காப்புறுதி இல்லை," என்றாள், தொழிற்சாலையில் பொறுக்கிய பிரெஞ்சில். "இவருக்குத்தான்."

மேசையில் இருந்த பெண் அட்டை ஒன்றை உருவினாள். "இல்லையே, உங்கள் பெயரில்தான் இருக்கிறது. படிவத்தை நிரப்பிக் கொடுத்ததே நான்தான்."

ஜெயகௌரி கணவனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் கூரையைப் பார்த்தான்.

"அவருக்கு எப்படி எடுப்பது, மதாம்?" என்று அந்தப் பெண் சிரித்தாள். "அவர் வாயில் இருப்பது முழுக்க எங்கள் வைத்தியர் செய்துகொடுத்த கட்டுப்பல் அல்லவா!"