பெயர் சொல்லும் முன்பே போன ரயில்

அம்பூசிட்ரா மலைமேல் இருக்கும் எங்கள் அண்ணன் ரட்சிம்பா அவர்களுக்கு, ஃபியனாரன்ட்சோவா ரயில் நிலையத்துப் பெஞ்சிலிருந்து தம்பி ராலைவாவு பணிந்து எழுதுவது.

மூத்தவர் நீங்கள் இருக்கும்போது இளையவன் நான் முதலில் வாய் திறப்பது தப்பு. கல்லறையில் இருக்கும் நம் அப்பாவும் பாட்டனும் பொறுத்துக்கொள்ள வேண்டும். அண்ணி பொறுக்க வேண்டும், தெருவில் உள்ளவர்கள் பொறுக்க வேண்டும், இதை உங்களுக்குப் படித்துக் காட்டும் வாத்தியார் என் கையெழுத்துக்காகத் தனியாகப் பொறுக்க வேண்டும். உடம்பு சுகமா? மாடுகள் சுகமா? இங்கே நான் சுகம். மற்றவர்கள் ரயிலில் போய்விட்டார்கள்.

பதறாதீர்கள், வரிசையாகச் சொல்கிறேன். நாள் பார்க்கிறவர் கோழி கூவும் முன்பே புறப்பட வேண்டும் என்றாரல்லவா, அவர் பேச்சை மீறாமல் புறப்பட்டதில் விடியும்போதே வேன் எங்களை இங்கே இறக்கிவிட்டது. ரயில் பதினொரு மணிக்கு. நான், என் வீட்டுக்காரி சஹுந்திரா, உங்கள் மகன் ஹேரி, பெண் வீட்டுக்குக் கொடுக்க வேண்டிய செம்மறி, ஆக நாலு பேர் ஐந்து மணி நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும். ஆட்டுக்கும் டிக்கெட் வாங்கச் சொன்னார்கள். ஜன்னலோரம் கிடைக்குமா என்று சஹுந்திரா கேட்டாள். வழியெல்லாம் அருவியும் குகையுமாக இருக்குமாம், கடைசியில் கடலாம், ஆடு மட்டும் ஏன் பார்க்கக்கூடாது என்றாள். டிக்கெட் கொடுத்தவர் சிரிக்கவில்லை.

பணியாரம் சாப்பிட்டோம், காப்பி குடித்தோம். எனக்குத்தான் பேச்சுக் கவலை. நாளைக் காலை பத்து மணிக்கு, ரயில் போய் நிற்கும் மனகாராவில், ஹேரிக்குப் பெண் கேட்டு நம் வீட்டுக்காகப் பேசப்போவது நான். ஏற்கெனவே இரண்டு முறை நாம் தேதியை மாற்றிவிட்டோம். மூன்றாவது முறை தவறினால் வூலாவை மறந்துவிடுங்கள் என்று பெண்ணின் அப்பா சொல்லி அனுப்பியது உங்களுக்கும் தெரியும். போன வருடம் மாமா மகன் கல்யாணத்தில் நடுவில் வார்த்தை வராமல் நான் நின்றதும் ஊருக்கே தெரியும். அதனால் பிளாட்பாரக் கோடிக்குப் போய், அடுக்கி வைத்திருந்த வாழைக்காய்க் கூடைகளைப் பெண் வீட்டாராக நினைத்துக்கொண்டு, பேச்சுக்கு முன்னால் கேட்க வேண்டிய மன்னிப்புகளை ஒத்திகை பார்த்தேன்.

அங்கேதான் வந்தார் அந்தப் பெரியவர். ஓலைத் தொப்பி, தோளில் வெள்ளைப் போர்வை, கையில் தடி. கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "தம்பி, செத்தவங்ககிட்ட மன்னிப்பு கேட்டீங்க, பெரியவங்ககிட்ட கேட்டீங்க. சின்னப் பிள்ளைங்க என்ன பாவம் பண்ணுச்சு? அதுங்ககிட்ட கேக்கலையே" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. "அது அடுத்ததா வருதுங்க ஐயா" என்றேன். வரவில்லை, அவர் சொல்லித்தான் ஞாபகமே வந்தது.

"அப்ப சொல்லுங்க, கேக்குறேன். கூடை பதில் சொல்லாது. நான் பெண் வீட்டுக்காரனா நின்னு பதில் சொல்றேன்."

அண்ணே, அந்த மனுஷன் வாயைத் திறந்தார் பாருங்கள். நான் ஒரு மன்னிப்பு கேட்டால் அவர் இரண்டு கேட்கிறார். நான் இளையவன் என்றால், தான் இளையவனுக்கும் இளையவன் என்கிறார். வாழைக்காய்க்காரிகள் கூடினார்கள், மூட்டை தூக்குகிறவர்கள் மூட்டைமேலேயே உட்கார்ந்தார்கள், டிக்கெட் கொடுத்தவர் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "மலைக்காரரே, விடாதீங்க" என்று ஒருத்தி கத்தினாள். நம் ஊர்ப் பெயர் இருக்கிறதல்லவா, நான் விடவில்லை. எனக்கே தெரியாத வார்த்தையெல்லாம் இன்று வந்தது. ரயிலும் வந்தது.

சஹுந்திரா ஜன்னலிலிருந்து கூப்பிட்டாள். "ஏங்க, ஆடே ஏறிடுச்சு. நீங்க எப்ப ஏறப்போறீங்க?"

"சித்தப்பா, வந்துருங்க, மீதியை வழியில பேசிக்கலாம்" என்று ஹேரி கெஞ்சினான்.

எப்படி வருவது? என் மன்னிப்பை நான் முடித்துவிட்டேன், அதற்கு அவர் பதில் மன்னிப்பு கேட்டுக்கொண்டிருக்கிறார். பாதியில் முதுகைக் காட்டினால் அந்தப் பழி கல்யாணத்தின்மேல் வந்து உட்காராதா? "ஐயா, சுருக்கமா முடிங்க" என்றேன். அவர் அதற்கும், என்னைக் காக்க வைத்ததற்காக, முதலிலிருந்து மன்னிப்பு கேட்டார். விசில் ஊதினார்கள். ரயில் இன்றைக்குப் பார்த்து நிமிடம் தவறாமல் புறப்பட்டது. ஆடு மட்டும்தான் என்னைத் திரும்பிப் பார்த்தது. சஹுந்திரா பார்க்கவில்லை.

கூட்டமெல்லாம் கலைந்த பிறகு பெரியவர் நிதானமாக, "மன்னிப்பு முடிஞ்சுது தம்பி. இனிமே பேரைச் சொல்லலாம். நான் ரைனிசுவா. மனகாராவுல நாளைக்கு ஒரு பெண் வீட்டுக்காகப் பேசப் போறேன். வர்றவங்க அம்பூசிட்ரா பக்கமாம், ரெண்டு தடவை தேதியை மாத்தின ஆளுங்க" என்றார்.

நான் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். "அந்த ஆளுங்க நாங்கதாங்க ஐயா."

அவரும் உட்கார்ந்தார். பேச்சையே தொழிலாக வைத்திருக்கும் இரண்டு பேர், எங்களை விட்டுவிட்டு ரயில் போன தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பணியாரக்காரம்மாதான் பேசினாள். "முதல்லயே நீங்க யாருன்னு கேட்டிருக்கலாமே?" என்றாள். அவளுக்கு முறை தெரியவில்லை. மன்னிப்புக்கு முன்னால் பெயர் கேட்பார்களா?

அடுத்த ரயில் மூன்று நாள் கழித்து. மனகாரா வேன் காலையிலேயே போய்விட்டது, அடுத்தது நாளை மதியம்தான். என் போன் சஹுந்திரா கூடையில். பெரியவரிடம் போன் இருக்கிறது, பெண்ணின் அப்பாவைக் கூப்பிடுங்கள் என்றால், "மன்னிப்பு ஆரம்பிக்கும்போதே காசு தீந்துரும் தம்பி" என்கிறார்.

ஆகவே அண்ணே, நாளை நம் பக்கம் பேச ஆளில்லை, அவர்கள் பக்கமும் பதில் சொல்ல ஆளில்லை, பெண் கிடைக்காது. ஹேரியின் வாழ்க்கை என் நாக்கால் கெட்டது. கோழிகளை அறுக்க வேண்டாம், பந்தல்காரரை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். உங்கள் முகத்தில் விழிக்க எனக்கு யோக்கியதை இல்லை. இனி எந்த வீட்டுக்கும் நான் பேசமாட்டேன். உங்களுக்கும் அண்ணிக்கும் நீண்ட ஆயுசும், மாடுகளுக்குப் பசும்புல்லும், குளத்து வயலுக்குத் தண்ணீரும் நம் முன்னோர்கள் தரட்டும்.

உங்கள் காலடித் தம்பி,
ராலைவாவு

பின்குறிப்பு: கடிதம் கொண்டுபோகும் அம்பூசிட்ரா வேன் நேற்று நிறையவில்லை, இன்னும் இரண்டு பேர் வேண்டுமாம், அதனால் கடிதம் இன்னும் என் கையில்தான், மேலே எழுதியதையெல்லாம் விட்டுவிடுங்கள். இப்போதுதான் பெண்ணின் அப்பா பெரியவருக்குப் போன் செய்தார். இன்று காலை பத்து மணிக்கு இரண்டு வீட்டாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்களாம். தங்கள் ஆள் ஓலைத் தொப்பி, வெள்ளைப் போர்வைக்காரர், இன்னும் காணோம் என்று பெண் வீட்டார் சொன்னதும் சஹுந்திரா எழுந்து, "எங்க வீட்டுக்காரரு ஸ்டேஷன்ல பேசிக்கிட்டிருக்காரு, உங்க ஆளு அங்கேயே பதில் சொல்லிக்கிட்டிருக்காரு. அவங்க முடிக்கட்டும். இது ஆடு, இவன் மாப்பிள்ளை. வூலா, உனக்குச் சம்மதமாம்மா?" என்றாளாம். பெண் "சம்மதம் அத்தை" என்றாளாம். பத்தரைக்கெல்லாம் பந்தியில் உட்கார்ந்துவிட்டார்களாம், சோறு ஆறாத கல்யாணம் இதுதான் முதல் முறை என்று பெண்ணின் அப்பா அழாத குறையாகச் சொன்னார். கோழியை அறுங்கள், பந்தல் போடுங்கள். விருந்தன்று நம் பக்கம் வரவேற்றுப் பேசுவது யார் என்று என்னைக் கேட்காதீர்கள். மனகாராவில் அதே தெருவில் மூன்று வீட்டுக்காரர்கள் சஹுந்திராவைப் பேச அழைத்திருக்கிறார்களாம், நம் தேதி அவளுக்கு ஒழிகிறதா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.