மாமாவின் கொடி இளஞ்சிவப்பான விவரம்

மதிப்பிற்குரிய வினிஃப்ரட் அத்தைக்கு,

தம்சின் எழுதுவது. நானும் பூனையும் நலம். உங்கள் இடுப்பு வலி தணிந்திருக்கும் என்று நம்புகிறேன். இங்கே மழை, நேற்றும் மழைதான்.

இன்று காலை கெட்டிலைக்கூடப் போடாமல் முதலில் சலவை இயந்திரத்தைத் திறந்தேன். டெஸ்மண்ட் மாமாவின் நினைவாகத் தேவாலயத்துக்கு நீங்கள் கொடுத்த, வெள்ளையில் சிவப்புச் சிலுவை போட்ட இங்கிலாந்தின் புனித ஜார்ஜ் கொடி உள்ளே இருந்தது. புறாக்கள் எச்சமிட்டு வைத்த கொடியை வியாழக்கிழமை புனித ஜார்ஜ் திருநாளுக்கு எப்படி ஏற்றுவது என்று நான்தான் கோபுரத்திலிருந்து கழற்றி வந்தேன். வெந்நீரில் போட்டுவிட்டேன், அத்தை. சிலுவையின் சிவப்பு வெள்ளை முழுக்கப் பரவி, இப்போது அது கைக்குழந்தையின் சால்வை மாதிரி இருக்கிறது. ஓரத்தில் தைத்திருந்த சலவைக் குறிப்புச் சீட்டை நாற்பத்தாறு வயதில், பட்டம் வாங்கிய நான், படிக்கவில்லை. ஈரத்தோடு பாதிரியார் ஹியூவிடம் ஓடினேன். விரித்துப் பார்த்துவிட்டு, "பரவாயில்லை" என்றார். நம் ஊரில் அதைவிடக் கடுமையான சொல் கிடையாது என்பது உங்களுக்குத் தெரியும். மதுக்கடை பார்னபி வழிமறித்து, "யாருகிட்டம்மா சரணடையறோம்? முன்னாடியே சொன்னா நானும் கையைத் தூக்கிடுவேன்" என்றார். மாற்றுக்குப் பெட்ரோல் பங்க்கில் கால்பந்துப் போட்டிக்கு வந்து மிஞ்சிய கொடி ஒன்றுதான் கிடைத்தது. அதில் குறுக்கே பெரிதாக 'இங்கிலாந்து' என்றும், கீழே ஒரு பீர் கம்பெனியின் பெயரும் இருக்கின்றன. திருநாளுக்கு வருகிற பிஷப் எந்த நாட்டில் இருக்கிறோம் என்று குழம்பாமல் இருக்க எழுத்து உதவும் என்றார் பார்னபி. பீர் மேல் மட்டும் வெள்ளை டேப் ஒட்டிவிடச் சொன்னார் பாதிரியார்.

என் பயம் நிறத்தைப் பற்றியதல்ல. வருடத்தில் அந்த ஒரு நாள், மாமாவே மேலே நிற்பது போல நீங்கள் கோபுரத்தை நிமிர்ந்து பார்ப்பீர்கள். இந்த வருடம் அந்த முகத்தை என்னால் பார்க்க முடியாது. ஆகவே இந்த முறை வராதீர்கள். புல் வழுக்கும், இடுப்பு தாங்காது. அடுத்த வருடத்துக்குள் நல்ல கொடியாக வாங்கிவிடுகிறேன்.

உங்களுக்கும் உங்கள் ரோஜாச் செடிகளுக்கும் என் அன்பு.

பணிவுடன்,
தம்சின்

பி.கு.: உறையை ஒட்டும்போது நீங்களே போன் செய்தீர்கள். "கொடி தயாரா இருக்காடி?" என்றீர்கள். "இருக்கு, வாங்க அத்தை" என்று வாயில் வந்துவிட்டது. இனி இந்தக் கடிதத்தை எப்படித் தபாலில் போடுவது? பங்க் கொடிதான் ஏறும் என்று பாதிரியார் நம்பிக்கொண்டிருக்கிறார். கோபுரச் சாவி என்னிடம் இருக்கிறது. நான் மாமாவுடையதையே ஏற்றப்போகிறேன். பிறகு கீழே வந்து, நீங்கள் நிமிர்ந்து பார்ப்பதற்குள், துவைத்தது நான்தான் என்று சொல்லிவிடுவேன்.