மணல் படியும் நேரம்

செவ்வாய்க்கிழமை காலை ஆறு நாற்பதுக்குத் தொட்டிக்குள் மூன்று மீன்களும் தெரியவில்லை. சுண்ணாம்பு கரைத்த மாதிரி தண்ணீர் வெளுத்திருந்தது. குறைந்த தண்ணீரை நிரப்பலாமே என்று அவர் ஊற்றியது ஒரே ஒரு குவளை. ஊற்றிய வேகத்தில் அடியில் கிடந்த மணல் மொத்தமும் எழுந்து வந்துவிட்டது.

அவர் பஸ் டிப்போவில் நேரக் காப்பாளர். முழங்கால் பிசகி ஐந்து நாள் விடுப்பில் இருந்தார். மனைவி முந்தின நாள்தான் தங்கை வீட்டுக்குப் புறப்பட்டிருந்தாள். செருப்பை மாட்டிக்கொண்டே, போன வாரம் வாங்கிய தொட்டியைக் காட்டினாள்.

"இது உங்க பொறுப்புங்க. மணல் அடியில படிஞ்சு, தண்ணி கண்ணாடியா இருக்கணும். சனிக்கிழமை வந்து பாப்பேன்."

இருபத்திரண்டு வருஷத்தில் அவள் தானாக ஒரு பொருளை அவர் கையில் ஒப்படைத்தது இதுவே முதல் தடவை. போன விடுப்பில் அவர் கழற்றி மாட்டிய சலவை இயந்திரம், இன்றைக்கும் ஓட ஆரம்பித்தால் நடந்தே குளியலறை வாசல்வரை வந்து நிற்கிறது. அதையும் மறந்து நம்பியிருக்கிறாள். இந்த நம்பிக்கையைக் கெடுத்துக்கொண்டால் அப்புறம் வாழ்நாளுக்கும் ரிமோட்டுக்கு பேட்டரி போடக்கூட விடமாட்டாள்.

டிப்போ பழக்கத்தில் ஒரு நோட்டை எடுத்து எழுதத் தொடங்கினார். 6.40 கலங்கல். 6.55 வடிகட்டி இயக்கம். 7.10 வடிகட்டி மரணம்.

மிதந்த மணலெல்லாம் மோட்டாருக்குள் போய் உட்கார்ந்திருந்தது. அதைக் கழற்றித் துடைத்து மாட்டியதில் புதன்கிழமை வந்துவிட்டது. மோட்டார் ஓடியது, ஆனால் தண்ணீரை இழுப்பதற்குப் பதில் ஊதியது. கொஞ்சநஞ்சம் படிந்திருந்த மணலும் மேலே வந்தது.

மாலையில் மனைவி போன் செய்தாள்.

"சாப்டாச்சா?"

"மூணும் சாப்டுது."

"நான் உங்களைக் கேட்டேன்."

"நாங்க நாலு பேருமே நல்லா இருக்கோம்."

"வேற எதையும் கையில எடுக்கலையே?"

"எங்கே நேரம்? இதுக்கே சரியா இருக்கு."

"ரொம்ப நல்லதுங்க" என்றாள். குரலில் அப்படி ஒரு நிம்மதி. அதைக் கேட்டதும் அவருக்குக் குற்ற உணர்ச்சி இரண்டு மடங்கானது.

வியாழக்கிழமை, அழுக்கை மட்டும் உறிஞ்சி எடுப்பது என்று முடிவு செய்தார். குழாயின் ஒரு முனையைத் தொட்டியிலும் மறுமுனையை வாயிலும் வைத்து இழுத்தார். வாய் நிறைய மணல் வந்தது. துப்பிவிட்டுக் குழாயை வாளியில் விட்டார். அதில் மணலும், மணலுக்குப் பின்னால் சின்ன மீனும் வந்து விழுந்தன. மீனை டீ வடிகட்டியால் அள்ளிக் குக்கரில் விட்டார். தனியாக இருந்தால் பயந்துகொள்ளுமே என்று மற்ற இரண்டையும் துணைக்கு அனுப்பினார். பிறகு மணலைக் குளியலறைக்குக் கொண்டுபோய்க் கழுவினார். பாதி மணல் சாக்கடைக் குழாயில் இறங்கியது. இறங்கிய இடத்திலேயே நின்றும் விட்டது. குளியலறையில் கணுக்கால் அளவு தண்ணீர்.

கீழ்வீட்டுத் தையல்காரர் படியேறி வந்தார்.

"சார், நீங்க கடல் ஏதாச்சும் வாங்கினீங்களா?"

"ஏன்?"

"எங்க பாத்ரூம்ல கரை வந்திருக்கு."

மன்னிப்புக் கேட்டு, நீளக் கம்பியால் அடைப்பை எடுத்துக் கொடுத்து முடிப்பதற்குள் இருட்டிவிட்டது. மிச்ச மணலைத் தொட்டியில் பரப்பி, தட்டு ஒன்றை வைத்து அதன்மேல் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டார். வெள்ளிக்கிழமை விடிந்தபோது மணல் படியத்தான் செய்தது. ஆசையில், மேடுபள்ளமாக இருக்கிறதே என்று ஸ்கேலால் நிரவினார்.

நோட்டில் எழுதினார்: 8.20 மீண்டும் கலங்கல்.

மாலை நாலு மணிக்கு ஒரு பாட்டிலில் தண்ணீரும் ஒரு பொட்டலத்தில் மணலும் எடுத்துக்கொண்டு, மனைவி தொட்டி வாங்கிய கடைக்கு நொண்டி நொண்டிப் போனார்.

கடைக்காரர் மணலை உள்ளங்கையில் கொட்டி விரலால் தேய்த்துப் பார்த்தார்.

"இது நம்ம கடை மணல்தான். கழுவாதது. இருபது தடவை அலசாம போட்டா ஒரு மாசத்துக்குக் கலங்கும்."

"என் வீட்டம்மாவுக்கு அது தெரியாதுங்க, தெரியாம வாங்கிட்டாங்க. ஆனா நாளைக்கு வந்து பாத்தா என்னாலதான் கெட்டுதுன்னு நினைப்பாங்க. என்னை நம்பி விட்டுட்டுப் போனது இது ஒண்ணுதான்" என்றார் அவர். குரல் கொஞ்சம் தழுதழுத்தது.

கடைக்காரர் அவருடைய காலைப் பார்த்தார். பிறகு முகத்தைப் பார்த்தார். மெதுவாக ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

"உக்காருங்க சார். நான் முதல்ல கழுவின மணலைத்தான் எடுத்து நீட்டினேன். அக்காதான் அது வேண்டாம்னு, 'வீட்ல ஒருத்தர் அஞ்சு நாள் சும்மா இருக்கப்போறாரு, ஃபிரிட்ஜைக் கழற்றப் போகவிடாத மணலா பாத்துக் குடுங்க'ன்னாங்க."