வாஸ்து பார்த்த பல்சக்கரம்

எங்கள் வீட்டிலிருந்து இனி ஒரு லோகோகூட எல்லை தாண்டிப் பெங்களூருக்குப் போகாது என்று நான் சபதம் செய்தேன். சாட்சிக்கு என் மனைவி சத்யப்ரியா இருந்தாள். ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்ததால் அவள் தலை நிமிரவில்லை. என் சபதங்களை அவள் பெரும்பாலும் நிமிராமலேயே கேட்பாள்.

விஷயம் இதுதான். சத்யா வீட்டு முன்னறையில் கம்ப்யூட்டர் எம்ப்ராய்டரி மெஷின் ஒன்றைப் போட்டிருந்தாள். 2008-ல் பாகலூர் ரோட்டில் எங்கள் பக்கத்துக்கு அது ஒன்றுதான். கம்பெனிகளுக்கு டீ-ஷர்ட்டில் லோகோ போட்டுக் கொடுப்பதாகத் திட்டம். ஆனால் மெஷினிடம் வெறும் படத்தைக் காட்டினால் அது சும்மா நிற்கும். ஊசி எங்கே குத்த வேண்டும், எந்தப் பக்கம் நகர வேண்டும், எங்கே நூலை வெட்ட வேண்டும் என்று தையல் தையலாக ஒரு ஃபைல் செய்து கொடுக்க வேண்டும். இதற்கு டிஜிட்டைசிங் என்று பெயர். இந்த வேலையைப் பெங்களூரில் செய்துகொண்டிருந்தவன் சத்யாவின் தம்பி கௌதம்.

இங்கேதான் என் தன்மானம் குறுக்கே வந்தது. நான் சிப்காட்டில் சி.என்.சி. புரோகிராமர். இரும்பை மைக்ரான் சுத்தமாகக் கடையச் சொல்லி மெஷினுக்கு உத்தரவு போடுகிறவன். அப்பேர்ப்பட்ட நான், எங்கள் கல்யாணத்தன்று அரைக்கால் சட்டையோடு வந்து என் பட்டு வேட்டியில் ஐஸ்கிரீமைக் கொட்டிய பையனிடம் போய், "மச்சான், ஒரு லோகோ போட்டுத் தா" என்று நிற்பதா?

"இரும்பே நான் சொன்னபடி கேக்குது. நூல் கேக்காதா?" என்றேன்.

"இரும்பு இழுத்தா வராதுங்க. நூல் இழுத்தா துணியும் சேந்து வரும்" என்றாள் சத்யா.

நான் காதில் வாங்கவில்லை. பிரவுசிங் சென்டரில் நாள் முழுக்க உட்கார்ந்து ஒரு இலவச சாஃப்ட்வேரை இறக்கிக்கொண்டு வந்தேன். இலவசம் என்பதால் அது அடிக்கடி குறுக்கே தோன்றி, 'என்னைக் காசு கொடுத்து வாங்கக் கூடாதா?' என்று கெஞ்சும். 'முடியாது' என்று அமுக்கினால் அடங்கிவிடும். எங்கள் வீட்டில் நான் முடியாது என்று சொல்லி எடுபட்ட ஒரே இடம் அதுதான்.

முதல் ஆர்டர் திம்மராயனிடமிருந்து வந்தது. பக்கத்துத் தெருவில் ஷெட் போட்டு கியர் வெட்டித் தருகிறவர். ஆயுத பூஜைக்குத் தொழிலாளர்கள் எல்லோருக்கும் டீ-ஷர்ட். லோகோ ஒரு பல்சக்கரம். சாம்பிள் பிடித்தால் வேலை சத்யாவுக்கு. பிடிக்கவில்லை என்றால் பெங்களூருக்கு. பெங்களூர் என்றால் கௌதம். கௌதம் என்றால் அடுத்த தீபாவளி வரைக்கும் என் காதில் அவன் சிரிப்புச் சத்தம்.

பல்சக்கரத்தை நான் வரைந்த அழகை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஒவ்வொரு பல்லும் அச்சு. வட்டம் என்றால் அப்படி ஒரு வட்டம். பென் டிரைவில் ஏற்றி மெஷினில் சொருகினேன். டகடகவென்று ஊசி ஓடியது. முடிந்ததும் சத்யா துணியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள்.

"என்னங்க, முட்டையாட்டம் நிக்குது?"

"ஃபைல் சரியாத்தான் இருக்குது. ஸ்க்ரீன்ல பாரு. வட்டம்."

"துணியில பாருங்க. முட்டை."

"அப்ப துணி தப்பு."

அலமாரியிலிருந்து வெர்னியரை எடுத்துவந்து அளந்தேன். இடுப்பு இளைத்திருந்தது. பல்சக்கரத்துக்கு டயட் யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை.

"நூலு குறுக்க ஓடறப்ப துணிய உள்ளுக்கு இழுக்குதுங்க. ரெண்டு பக்கமும் கொஞ்சம் அகலமா வரைஞ்சு குடுங்க. தைச்சா தானா வட்டமாயிரும்."

"வட்டத்த தப்பா வரையச் சொல்றியா?"

"கொஞ்சூண்டு தப்பா."

"சத்யா! என் சர்வீஸ்ல டிராயிங்க விட்டு ஒரு முடியளவு நான் வெலகுனது கெடையாது. கஸ்டமர் டிராயிங்தான் எனக்கு வேதம்."

"டிராயிங்ல என்ன இருந்தாலும் அப்படியே வரைவீங்களா?"

"அச்சு அசலா. கேள்வியே கேக்க மாட்டேன்."

சத்யா தலையை ஆட்டிக்கொண்டு உள்ளே போனாள். வாதத்தில் ஜெயித்துவிட்ட சந்தோஷத்தில், என் ஃபைலில் யாரும் கைவைக்கக் கூடாதென்று கம்ப்யூட்டருக்குப் பாஸ்வேர்டும் போட்டுவைத்தேன். கேட்காமலே காபி வந்தது. நுரையோடு வந்தது. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

மறுநாள் ஷிஃப்ட் முடிந்து வந்தால் என் கீபோர்டின் மேல் ஒரு காகிதம்.

"திம்மராயன் லோகோவ மாத்திட்டாருங்க."

பார்த்தேன். அதே பல்சக்கரம். ஆனால் மேலே யாரோ ஏறி உட்கார்ந்து எழுந்த மாதிரி பக்கவாட்டில் அகன்றிருந்தது.

"என்ன கண்றாவி இது?"

"வாஸ்துக்காரர் சொன்னாராம். சக்கரம் கெழக்கு மேற்கா கொஞ்சம் நீண்டிருந்தா தொழில் விருத்தியாகுமாம்."

"கியர் வெட்டற மனுசனுக்கா புத்தி இப்படிப் போவுது? இந்தச் சக்கரம் எங்க சுத்தும்? ஒரு சுத்துல கியர் பாக்ஸ் கையோட வந்துருமே!"

"நமக்கென்னங்க? கஸ்டமர் டிராயிங் வேதம்னு சொன்னீங்க."

சொல்லியிருந்தேன். அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு அந்த அகலச் சக்கரத்தை அச்சு அசலாக வரைந்து கொடுத்தேன்.

ஆயுத பூஜை நெருங்கியதால் எனக்கு ஓவர்டைம். நான் இல்லாத நேரத்திலேயே சத்யா சாம்பிளைத் தைத்து, திம்மராயனிடம் காட்டி, சம்மதமும் வாங்கிவிட்டாள். நான் வீட்டுக்கு வருவதற்குள் டீ-ஷர்ட்டுகள் லோகோ உள்பக்கம் போகும்படி மடிந்து பெட்டிக்குள் ஏறியிருக்கும். என்ன ஒரு மடிப்பு, என்ன ஒரு ஒழுங்கு என்று நானே பாராட்டினேன். கம்பெனி கேன்டீனில் திம்மராயனின் வாஸ்துவைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். கௌதமுக்கும் போன் போட்டேன்.

"மச்சான், இலவச சாஃப்ட்வேர்லயே ஆர்டர முடிச்சிட்டேன். இனிமே உன் தயவு வேண்டாம்."

"ரொம்ப சந்தோசம் மாமா" என்றவன் வெகுநேரம் இருமினான். பெங்களூர்க் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை போலும் என்று பரிதாபப்பட்டேன்.

ஆயுத பூஜை அன்று திம்மராயன் எங்கள் இருவரையும் ஷெட்டுக்கு அழைத்திருந்தார். மெஷினுக்கெல்லாம் சந்தனம், குங்குமம், வாழைக்கன்று. தொழிலாளர்கள் புது டீ-ஷர்ட்டில் வரிசையாக நின்றார்கள். நான் அவர்கள் நெஞ்சைப் பார்த்தேன். என் நெஞ்சு நின்றது.

எல்லாம் வட்டம். காம்பஸ் வைத்துப் போட்ட மாதிரி சுத்தமான வட்டம். கிழக்கும் இல்லை, மேற்கும் இல்லை. வாஸ்து மொத்தமும் போச்சு! சத்யாவின் முதல் ஆர்டர் திரும்பப்போகிறது, கௌதம் சிரிக்கப்போகிறான் என்று வியர்த்துவிட்டது. அவர்களாகக் கண்டுபிடிப்பதற்குள் நாமே காலில் விழுந்துவிடலாம் என்று திம்மராயனைத் தனியாக இழுத்துப் போனேன்.

"சார், மன்னிச்சிருங்க. வட்டமா வந்துருச்சு."

"வட்டமாத்தானே சார் வரணும்? தும்ப சென்னாகிதே!" தமிழில் ஆரம்பித்துக் கன்னடத்தில் பாராட்டினார். ரொம்ப நன்றாக இருக்கிறதாம்.

"இல்லைங்க, உங்க புது லோகோ..."

"எந்தப் புது லோகோ? எங்கப்பா காலத்துல இருந்து இதேதான் சார்."

"வாஸ்துக்காரர் நீட்டச் சொன்னாரே, கெழக்கு மேற்கா?"

திம்மராயன் என் முகத்தருகே வந்து லேசாக மோந்து பார்த்தார். "சார், என் ஷெட்டுக்கு வாசலே தெக்க பாத்திருக்குது. வாஸ்துன்னு எவனாவது வந்தா அந்த வாசல் வழியாவே அனுப்பிருவேன். நீங்க பொரி சாப்பிடுங்க."

நான் திரும்பிப் பார்த்தேன். குங்குமம் எடுத்துக்கொண்டிருந்த சத்யா அவசரமாக ஷெட்டின் கூரையை ஆராயத் தொடங்கினாள்.

வீடு திரும்பும்போது பைக்கில் கேட்டேன்.

"அந்தக் காயிதம் எங்க இருந்து வந்துச்சு?"

"பஸ் ஸ்டாண்ட் டி.டி.பி. கடையிலங்க. பழைய லோகோவக் குடுத்து, ரெண்டு பக்கமும் இழுத்துத் தரச் சொன்னேன். தைக்கறப்ப எவ்வளவு சுருங்குதோ அவ்வளவு."

"எவ்வளவு சுருங்குதுன்னு எப்படித் தெரியும்?"

"அந்த முட்டைய அளந்தேன்."

"எதுல?"

"உங்க வெர்னியர்லதாங்க."



"போன்ல கௌதம் இருமுனானே..."

"அவனுக்கு இருமலே கெடையாதுங்க."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. சிரிப்புதான் வந்தது, அதற்குப் பின்னால் பெருமையும் வந்தது. துணி எவ்வளவு சுருங்கும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. புருஷன் எவ்வளவு வளைவான் என்றும் தெரிந்திருந்தது. இரண்டுக்கும் சேர்த்து ஒரே காகிதத்தில் வழி செய்துவிட்டாள். எங்கள் கம்பெனியில் இத்தனை மூளை உள்ள ஆளை நான் பார்த்ததில்லை. அதை அவளிடமே சொன்னேன். பின்சீட்டில் அவள் வெட்கப்பட்டது பைக்கே லேசாக ஆடியதில் தெரிந்தது.

அந்த உற்சாகத்தில் அங்கேயே அடுத்த சபதத்தையும் எடுத்தேன்.

"சத்யா, இனிமே டி.டி.பி. கடையே வேண்டாம். பனியன் துணிக்கு எவ்வளவு, காட்டனுக்கு எவ்வளவுன்னு நானே மைக்ரான் கணக்குல ஃபார்முலா போட்டு, நானே தப்பா வரைஞ்சு தர்றேன்!"

சத்யா என் தோளில் கையை வைத்து, ரொம்பப் பிரியமாகச் சொன்னாள்:

"வேண்டாங்க. நீங்க எப்பவும் போல சரியாவே வரைங்க. தப்பெல்லாம் நான் பாத்துக்கறேன்."