தமிழ் காணாமல் போன திங்கட்கிழமை

ஜெயசுதா ஃபைலைத் திறந்தாள். 'வணக்கம்' இருக்க வேண்டிய இடத்தில் 'tzf;fk;' என்று இருந்தது.

கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடி பார்த்தாள். கீழே நான்கு பக்கமும் அப்படியேதான். இங்கிலீஷ் எழுத்துகள், நடுநடுவே அரைப்புள்ளிகள். ஒரு வார்த்தைகூட வாயில் நுழையவில்லை.

"சார், பேச்சைக் காணோம்!"

செயலாளர் அரங்கநாதன் டீ கிளாஸோடு எட்டிப் பார்த்தார். "யாரு பேச்சும்மா?"

"தலைவர் பேச்சு சார். மத்தியானம் வெள்ளிமலைக் கூட்டத்துல படிக்க வேண்டியது."

கள்ளக்குறிச்சி மரவள்ளி விவசாயிகள் சங்கத்துக்கு இருந்தது ஒரே ஒரு கம்ப்யூட்டர். வெள்ளிக்கிழமை வரை அதில் விண்டோஸ் ஓடியது. சனிக்கிழமை சென்னையிலிருந்து வந்தவர்கள், "இனிமே லினக்ஸ்தான். காசு கெடையாது, வைரஸும் வராது" என்று மாற்றிவிட்டுப் போய்விட்டார்கள். திரையில் இப்போது லினக்ஸின் அடையாளமாக ஒரு பென்குவின், தொப்பையைத் தள்ளிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

மத்திய அரசின் கல்லூரிகளில் இடஒதுக்கீடு கூடாது என்று டெல்லியில் டாக்டருக்குப் படிக்கிறவர்கள் தெருவில் உட்கார்ந்திருந்த வருஷம் அது. கொடுத்தே ஆக வேண்டும் என்று இந்தப் பக்கம் ஊருக்கு ஊர் கூட்டம், மறியல். இடஒதுக்கீட்டால் கல்வராயன் மலையிலிருந்து காலேஜுக்குப் போன பிள்ளைகளின் பெயர்களை ஒவ்வொன்றாக, அந்த மலைமேல் இருக்கும் வெள்ளிமலையில் மேடை போட்டுச் சொல்லிப் பாராட்டுவது என்று சங்கம் முடிவெடுத்திருந்தது. அந்தப் பிள்ளைகளின் அப்பா அம்மாக்கள் எல்லாரும் வருவதாகச் சொல்லியிருந்தார்கள்.

ஜெயசுதாதான் மலைக்குப் போய், வீடு வீடாக விசாரித்துப் பெயர்களைக் குறித்துக்கொண்டு வந்தவள். டைப் அடித்து முடித்ததும் அந்தச் சீட்டுகளைக் குப்பையில் போட்டுவிட்டாள்.

கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கும் கவியரசனுக்கு போன் போட்டாள்.

"நான் எங்க வர்றது? திருக்கோவிலூர்ல மறியல். பஸ்ஸு ஒரு அடி நகரலை. இன்னா ஆச்சி, சொல்லுங்க."

சொன்னாள்.

"அது ஒண்ணுமில்லக்கா. டைப்ரைட்டர் வரிசையில இருந்த உங்க பழைய தமிழ் ஃபான்ட் இதுல இல்ல. நீங்க 'வ' அடிக்கிற கீயில இங்கிலீஷ்ல 'டி' இருக்குதில்ல? தமிழ் முகமூடி கழண்டுபோச்சி, கீயோட சொந்த மூஞ்சி தெரியுது. அவ்ளோதான். ஒருவாட்டி பிரிண்ட் குடுத்துப் பாருங்க, பேப்பர்ல சரியா வந்தாலும் வரும்."

கொடுத்தாள். பிரிண்டர் அசையவில்லை. மறுபடி கொடுத்தாள். கோபத்தில் இன்னும் நான்கைந்து தடவை கொடுத்தாள்.

"வரலியா? சரி, எல்லாத்தையும் செலக்ட் பண்ணிக்கினு வேற ஃபான்ட் போடுங்க."

பட்டியலில் கைக்கு வந்த ஒன்றைப் போட்டாள். பக்கம் முழுக்கக் கத்தரிக்கோல், டெலிபோன், பூ, நட்சத்திரம், சுட்டிக்காட்டும் விரல்.

அரங்கநாதன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். "அடேயப்பா! எவ்ளோ அழகா இருக்குது பாரேன். எகிப்து கோயில் சுவரு மாதிரி."

"சார், இதை எப்படி சார் மேடையில படிக்கிறது?"

"அதுவும் சரிதான். நீ நவுரு." அவர் போய் பிளக்கைப் பிடுங்கி மறுபடி சொருகினார். அவருக்குத் தெரிந்த வைத்தியம் அது ஒன்றுதான். வீட்டு மிக்ஸியிலிருந்து ஆபீஸ் ஃபேன் வரை அதைத்தான் செய்வார்.

திரை இருண்டது. பிறகு அந்த இருட்டில் வெள்ளை எழுத்துகள் கிளம்பின. ஒரு வரி, பத்து வரி, நூறு வரி. மலையில் மழை பிடித்துக்கொண்டது போல நிற்காமல் கொட்டிக்கொண்டே இருந்தன.

இவ்வளவு நாள் இந்தப் பெட்டிக்குள் இவ்வளவும் இருந்ததா என்று ஜெயசுதாவுக்கு உடம்பு சிலிர்த்தது. பக்கத்தில் திரும்பிப் பார்த்தாள். அரங்கநாதன் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றுகொண்டிருந்தார்.

"தன் ஜாதகத்தையே சொல்லுதும்மா" என்றார் மெல்ல.

மழை ஓய்ந்து பென்குவின் வந்தது. நேரமும் ஓடியிருந்தது. நினைவில் இருப்பதையாவது புதிதாக அடித்துவிடலாம் என்று உட்கார்ந்தாள். சென்னைக்காரர்கள் தமிழ் கீபோர்டையும் மாற்றியிருந்தார்கள். 'வ' அடித்தால் 'ஏ' வந்தது. 'ண' அடித்தால் 'ஔ' வந்தது. வணக்கம் சொல்லப்போனவளைக் கம்ப்யூட்டர் 'ஏ! ஔ!' என்று அதட்டியது.

சரி, திரையில் இருக்கும் இங்கிலீஷ் எழுத்தை வைத்தே கண்டுபிடிக்கலாமா என்றும் பார்த்தாள். எந்தக் கீயில் எந்த எழுத்து என்பது அவள் விரலுக்குத்தான் தெரியும், கண்ணுக்குத் தெரியவில்லை.

வாசலில் ஜீப் ஹாரன் அடித்தது. "அய்யா வந்துட்டாரு! மறியல் நம்ம பக்கம் வர்றதுக்குள்ள கெளம்பணுமாம்!" என்று டிரைவர் உள்ளே ஓடிவந்தான்.

அந்த நேரம் பார்த்து பிரிண்டருக்கு உயிர் வந்தது. காலையில் கொடுத்ததையெல்லாம் ஞாபகம் வைத்துக்கொண்டு தள்ள ஆரம்பித்தது. ஜெயசுதா ஒரு நோட்டையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு ஜீப்புக்கு ஓடினாள். போகிற வழியில் எழுதிவிடலாம் என்ற எண்ணம். அரங்கநாதனும் பின்னாலேயே வந்து ஏறிக்கொண்டார்.

சங்கத் தலைவர் அய்யனார் முன்சீட்டில் இருந்தார். திருநாவலூர்ப் பக்கத்து விவசாயி. சங்கத் தேர்தலில் ஜெயித்துப் பதவிக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. அதிகம் பேச மாட்டார். அவர் மனைவி ஜெயம்மாள் பின்னால் உட்கார்ந்து பலாச்சுளை தின்றுகொண்டு வந்தார்.

கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணை கீழே இறங்கி, மலைப்பாதை வளைய ஆரம்பித்தது. ஜெயசுதா நோட்டில் பாதிப் பெயர்களைக்கூட எழுதவில்லை. எழுதியதும் குலுக்கலில் கோழி கிளறியது போல இருந்தது.

"கவலப்படாதக்கா" என்றான் டிரைவர் பெருமையாக. "மிஷின்ல வந்த பேப்பரு முதல் நாலையும் ஃபைல்ல போட்டு அய்யா கையில குடுத்துட்டேன்."

அவள் முன்சீட்டை எட்டிப் பார்த்தாள். அய்யனார் மடியில் அந்த ஃபைல் மூடியபடி கிடந்தது.

"அய்யா... அந்தப் பேப்பர்ல ஒரு சின்ன..."

"மேல போய் பாத்துக்கலாம்மா. மலை ஏறும்போது காயிதத்தைப் பாத்தா எனக்குத் தலைய சுத்தும்."

மேலே போனதும் பார்க்கவிடவில்லை. ஜீப் நின்ற இடத்திலேயே மேளம், மாலை. கூட்டம் அவரை அப்படியே மேடைக்குத் தள்ளிக்கொண்டு போனது. அரங்கநாதன் ஜெயசுதாவின் காதில், "நாம ரெண்டு பேரும் பின்னால நின்னுக்கலாம். ஓடறதுக்கு வசதி" என்றார்.

மலை முழுக்க வந்திருந்தது போல இருந்தது. முன்வரிசையில் அம்மாசி, வெள்ளைச் சட்டை போட்டு, இரண்டு கையையும் முழங்கால் மேல் வைத்து உட்கார்ந்திருந்தார். அவர் மகள் கமலா விவசாயக் கல்லூரியில் சேர்ந்திருந்தாள். ஜெயசுதா பெயர் கேட்கப் போனபோது, "எம் பொண்ணு பேரை மைக்குல சொல்லுவாங்களா? நெசமாவா?" என்று மூன்று தடவை கேட்டவர். ஜெயசுதா அவரைப் பார்க்காமல் இருக்க முயன்றாள்.

அய்யனார் ஃபைலைத் திறந்தார். காகிதத்தைத் தள்ளிப் பிடித்தார். கிட்டக் கொண்டுவந்தார். மைக் 'கீ' என்றது. கூட்டம் அடங்கியது. அவர் வலது கை விரல்கள் மேஜைமேல் தடதடவென்று தட்டின. பதற்றம் போல.

"போச்சு" என்றார் அரங்கநாதன்.

"வணக்கம்" என்றார் அய்யனார்.

பிறகு நிறுத்தி நிதானமாகப் பேசினார். ஏதோ வாய்க்கு வந்ததைப் பேசுகிறார் என்றுதான் ஜெயசுதா முதலில் நினைத்தாள். இல்லை. அவள் வெள்ளிக்கிழமை அடித்த வரிகள். வார்த்தைக்கு வார்த்தை அதேதான். பக்கம் திருப்புகிற இடத்தில் திருப்பினார். பெயர்கள் வந்தன. பிள்ளையின் பெயர், ஊர், தகப்பன் பெயர், காலேஜ். ஒவ்வொன்றுக்கும் கைதட்டல்.

"மாவடிப்பட்டு அம்மாசி மகள் கமலா. விவசாயக் கல்லூரி."

அம்மாசி எழுந்து நின்றார். யாரும் எழுந்திருக்கச் சொல்லவில்லை. கும்பிட்டபடி நின்றவர், அடுத்த பெயர் வந்த பிறகும் உட்காரவில்லை. பக்கத்தில் இருந்தவர்களும் ஒவ்வொருவராக எழுந்தார்கள்.

ஜெயசுதாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. அந்த மனிதர் கையில் இருப்பது அந்த இங்கிலீஷ் குப்பைதான் என்பது இந்தக் கூட்டத்தில் அவளுக்கும் அரங்கநாதனுக்கும் மட்டுமே தெரியும்.

"மனுஷன் இல்லம்மா இவரு" என்றார் அரங்கநாதன். செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார், மறுபடி எப்போதோ கழற்றிவிட்டிருந்தார்.

கூட்டம் முடிந்து இறங்கிவந்த அய்யனார், ஃபைலை ஜெயசுதாவிடம் நீட்டினார்.

"நல்லா எழுதியிருக்கம்மா. ரெண்டாவது பக்கத்துல மட்டும் 'மாணவி'க்குக் கால் போடாம வுட்டுட்ட. 'மணவி'ன்னு இருந்திச்சி. அடுத்தவாட்டி பாத்து அடி."

சொல்லிவிட்டு மாலையைக் கழற்றிக்கொண்டே போய்விட்டார். ஜெயசுதா இரண்டாவது பக்கத்தை எடுத்துப் பார்த்தாள். அதே அரைப்புள்ளிகள். அதில் காலும் தெரியவில்லை, தலையும் தெரியவில்லை. அதை ஜெயம்மாளிடம் காட்டினாள்.

"அம்மா, இதைப் பாருங்க. இதுல ஒரு எழுத்துகூட தமிழ் இல்ல. அய்யா எப்படிம்மா இதைப் படிச்சாரு?"

ஜெயம்மாள் காகிதத்தை வாங்கி, மேலிருந்து கீழே ஒரு பார்வை பார்த்தார். முகம் சிவந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"அந்தக் காலத்துல டைப் கிளாஸ்ல, எங்கண்ணன் காவலுக்குப் பக்கத்துலயே ஒக்காந்துக்கினு இருக்கும்போது, தமிழ்க் கீய மனசுல வெச்சிக்கினு இங்கிலீஷ் மிஷின்ல இப்படி அடிச்சிக் காட்டித்தாம்மா, 'என்னக் கட்டிக்கிறியா'ன்னு கேட்டாரு!"